வீட்டில் ஸ்க்ரப் சோப்பு: உருக்கி ஊற்றுவதா, காஸ்டிக் சோடாவில் இறங்குவதா, இருக்கிற சோப்பைத் துருவுவதா?

ஸ்க்ரப் சோப்பு, அதாவது தோலைத் தேய்க்கும் துகள் கலந்த சோப்பு, வீட்டிலேயே செய்யலாம் என்று கிளம்புகிறவர்கள் முதல் அடியிலேயே குழம்பி நிற்கிறார்கள். ஒருவர் சோப் பேஸை உருக்கி ஊற்றினால் போதும் என்கிறார். இன்னொருவர் அதெல்லாம் சோப்பு செய்ததாகவே ஆகாது, எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் கலந்து வாரக்கணக்கில் காயவைத்தால்தான் நிஜமான சோப்பு என்கிறார். மூன்றாவது ஆள், அலமாரியில் கிடக்கும் சோப்பைத் துருவி, தண்ணீர் விட்டுக் கரைத்து, காபித்தூள் போடச் சொல்கிறார். மூன்றுமே நடக்கும் காரியம்தான், அதனால்தான் முடிவெடுக்க முடியவில்லை.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முறையைத் தேர்ந்தெடுக்கும் முன் துகளைத் தேர்ந்தெடுங்கள். சாதாரணக் குளியல் சோப்பு என்றால் உங்கள் நேரத்துக்கும் துணிச்சலுக்கும் தகுந்த முறையை எடுத்துக்கொள்ளலாம். ஸ்க்ரப் சோப்பில் அப்படி இல்லை. உள்ளே போடும் குருணை அடியில் போய்த் தங்குமா, நடுவில் நிற்குமா, கரைந்து காணாமல் போகுமா, கறுத்துப்போகுமா என்பதெல்லாம் முறைக்கு முறை மாறும். சர்க்கரை போட்ட ஸ்க்ரப் சோப்புக்கு ஆசைப்பட்டு, எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் கலக்கும் கோல்ட் பிராசஸில் இறங்கினால் கடைசியில் கைக்கு வருவது நன்றாக நுரைக்கிற, வழவழப்பான சோப்பு. ஏனென்றால் சர்க்கரை முழுக்கக் கரைந்திருக்கும்.

## எதை வைத்து எடைபோடுவது

நான் பார்ப்பது ஐந்து விஷயங்கள். துகள் சோப்புக்குள் சீராகப் பரவி நிற்கிறதா? சூட்டிலும் காஸ்டிக் சோடாவின் காரத்திலும் அதன் நிறமும் குணமும் தாங்குகிறதா? செய்யும்போது ஆபத்து எவ்வளவு? குளிக்க எடுப்பதற்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்? சோப்புக்குள் என்னென்ன போகிறது என்பது உங்கள் கையில் இருக்கிறதா? இதோடு மறைவாக வரும் செலவுகள் வேறு. பணம் மட்டும் செலவு இல்லை, தனிப் பாத்திரம், இடம், வீணாகும் பொருள், கழுவும்போது அடைத்துக்கொள்ளும் குழாய் எல்லாமே செலவுதான்.

## முதலில் துகள்

தேய்க்கப்போவது எந்தத் தோலை? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் மேலே போகாதீர்கள்.

முகத்துக்கு என்றால் நான் ஸ்க்ரப் சோப்பையே சிபாரிசு செய்யமாட்டேன். சோப்பு இயல்பிலேயே காரத்தன்மை கொண்டது, பிஎச் 9-லிருந்து 10 வரை இருக்கும். தோலின் மேற்பரப்போ லேசான அமிலத்தன்மை உடையது. காரமும் உரசலும் ஒன்றுசேர்ந்தால் முகம் வறண்டு எரியும். அப்படியும் வேண்டும் என்றால் மாவாக அரைத்த ஓட்ஸ், களிமண் பொடி, மெழுகால் ஆன ஜோஜோபா மணிகள் என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பரு பழுத்திருக்கும்போதும், எக்ஸிமா இருந்தாலும், ஷேவ் செய்த கையோடும் அதுவும் வேண்டாம்.

உடம்புக்குக் காபித்தூளும் கசகசாவும் நல்ல நடுத்தரம். கசகசா உருண்டையாக இருப்பதால் கீறாது, கரையாது, எல்லா முறைகளிலும் நின்று பிடிக்கும், புதிதாகச் செய்கிறவர்களுக்கு என் முதல் தேர்வு அதுதான். காபித்தூள் வடிகட்டி முடிந்த சக்கையாகவே இருக்கலாம், ஆனால் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். அதைச் சுற்றிப் பழுப்பு நிறம் கசியும். அதன் மணம் சோப்பில் தங்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள், பெரும்பாலும் தங்காது.

கைகாலுக்கு, அதிலும் வெடித்த பாதத்துக்கும் கிரீஸ் படிந்த கைக்கும் பியூமிஸ் பொடி. இது எரிமலைக் கல், எதற்கும் அசையாது. வால்நட் ஓட்டுப் பொடி, ஆப்ரிகாட் கொட்டைப் பொடி இரண்டையும் இந்தக் கூட்டத்தில்தான் சேர்ப்பேன். உடைத்துப் பொடிப்பதால் அவற்றின் விளிம்புகள் கூராக இருக்கும், முகத்தின் பக்கமே கொண்டுபோகக் கூடாது. கொட்டை ஒவ்வாமை உள்ளவர் வீட்டில் இருந்தால் வால்நட் வேண்டவே வேண்டாம்.

உப்பு பலரை ஏமாற்றும். உப்பு நிறையப் போட்ட சோப்பு, ஓரிரண்டு முறை தேய்த்ததும் மேற்பரப்பில் உள்ள பரல்கள் கரைந்து வழவழப்பாகிவிடும். அது கெட்டியான, அருமையான சோப்பு, ஆனால் ஸ்க்ரப் என்று நம்பிச் செய்தால் ஏமாற்றம்தான். பரல் பெரிதாக இருந்தாலோ உரசாது, கீறும்.

பீர்க்கங்காய் நாரையும் மறக்காதீர்கள். முற்றிக் காய்ந்த நாரை வில்லையாக நறுக்கி அச்சில் வைத்து, மேலே சோப்பை ஊற்றினால் குருணை மூழ்கும் பிரச்சினையே இல்லை. ஆனால் சோப்பு தேயத் தேய நார் வெளியே நீட்டிக்கொண்டு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், காற்றாட உலர விடாவிட்டால் நாறும், பூஞ்சையும் பிடிக்கும்.

பிளாஸ்டிக் மணிகளை வாங்கவே வாங்காதீர்கள். வடிகாலில் போனது போனதுதான், மக்காது. முகம் கழுவும் பொருள்களிலும் பற்பசையிலும் அவற்றைச் சேர்ப்பதற்கு எதிராக அமெரிக்கா 2015-லேயே சட்டம் போட்டுவிட்டது, பின்னர் பல நாடுகளும் தடைசெய்தன.

அளவு விஷயத்தில் கை தாராளமாகப் போகக்கூடாது. 500 கிராம் சோப்புக்கு ஒரு தேக்கரண்டியில் தொடங்குங்கள், உடம்புக்கு ஒரு மேசைக்கரண்டியைத் தாண்ட வேண்டியதில்லை. அச்சிலிருந்து எடுத்ததும் தடவிப் பார்த்து “சொரசொரப்பே இல்லையே” என்று முடிவுகட்டாதீர்கள். சில தடவை குளித்தபின் சோப்பு கரைந்து துகள் மேலே எழும்பும், நிஜமான சொரசொரப்பு அப்போதுதான் தெரியும்.

## உருக்கி ஊற்றுவது: சோப் பேஸ்

மெல்ட் அண்ட் போர் என்று சொல்கிறார்களே, அதுதான். பேஸ் ஏற்கெனவே சோப்பாகி முடிந்த பொருள், காஸ்டிக் சோடாவைத் தொடும் வேலை உங்களுக்கு இல்லை. துண்டு போட்டு, டபுள் பாய்லரிலோ மைக்ரோவேவில் விட்டு விட்டோ உருக்கி, துகளும் மணமும் சேர்த்து அச்சில் ஊற்றினால் சில மணி நேரத்தில் இறுகிவிடும். மறுநாள் குளிக்கலாம்.

ஸ்க்ரப் சோப்புக்கு இதில் இருக்கும் ஒரே பெரிய தொல்லை, துகள் மூழ்குவது. உருகிய பேஸ் தண்ணீராக இருக்கும்போது பியூமிஸைப் போட்டால் நேராக அடிக்குப் போகும், லேசான ஓட்ஸ் செதில்கள் மேலே மிதக்கும். தீர்வு பொறுமைதான். பேஸ் 50 டிகிரி செல்சியஸ் பக்கம் ஆறி, ஓரத்தில் மெல்லிய ஆடை கட்டத் தொடங்கும்வரை கிளறிக்கொண்டே இருந்து, கெட்டிப்படும் தறுவாயில் ஊற்ற வேண்டும். துகளைத் தாங்கிப் பிடிப்பதற்கென்றே செய்த ‘சஸ்பென்ஷன் பேஸ்’ என்று ஒரு வகையும் விற்கிறது, ஸ்க்ரப்புக்காக வாங்குகிறீர்கள் என்றால் அதையே கேட்டு வாங்குங்கள். மூழ்குவதையே நமக்குச் சாதகமாகவும் ஆக்கிக்கொள்ளலாம்: கொஞ்சம் சூடாகவே ஊற்றினால் துகள் எல்லாம் ஒரு பக்கமாகப் படியும், ஒரு முகம் ஸ்க்ரப், மறுமுகம் வழவழப்பு. எனக்கு இந்த ஒருபக்க சோப்பு மிகவும் பிடிக்கும், எல்லா இடத்தையும் ஒரே மாதிரி தேய்க்க வேண்டிய கட்டாயம் இல்லாமல் போகிறது.

மறைந்திருக்கும் செலவு என்று பார்த்தால், முதலாவது, பேஸில் என்ன இருக்கிறது என்பது உங்கள் கையில் இல்லை. சிலவற்றில் நுரைக்காக சல்பேட் வகைகள் சேர்த்திருப்பார்கள், பொருள் பட்டியலைப் படித்தே வாங்குங்கள். இரண்டாவது, கிளிசரின் அதிகம் உள்ளதால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து மேலே வியர்த்து நிற்கும், இறுகியதும் காற்றுப் புகாமல் சுற்றி வைத்தாக வேண்டும். மூன்றாவது, குளியலறையில் சீக்கிரம் கரையும். நான்காவது, ஈரமான எதையும் இதில் போட முடியாது. பழக்கூழ், பால், ஈரக் காபிச் சக்கை எல்லாம் பூஞ்சைக்குத்தான் அழைப்பு. ஊட்டமாக இருக்கட்டும் என்று எண்ணெயைத் தாராளமாக ஊற்றினால் நுரை செத்துப்போகும்.

## கோல்ட் பிராசஸ்: எண்ணெயும் காஸ்டிக் சோடாவும்

சோப்பு முழுக்க உங்கள் கையில் என்றால் இதுதான் வழி. துகளைத் தாங்குவதிலும் இதை அடிக்க ஆளில்லை. கலவை ‘டிரேஸ்’ என்ற பதத்துக்கு வரும், அதாவது கரண்டியால் எடுத்து மேலே ஊற்றினால் அந்தக் கோடு அமிழாமல் நிற்கும். அந்தக் கெட்டியில் துகளைப் போட்டால் போட்ட இடத்திலேயே நிற்கும், பியூமிஸ்கூட நகராது.

ஆனால் காஸ்டிக் சோடா, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு, விளையாட்டுப் பொருள் இல்லை. தோலில் பட்டால் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணை மூடும் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை கட்டாயம். தண்ணீரில்தான் காஸ்டிக் சோடாவைப் போட வேண்டும், காஸ்டிக் சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கரைக்கும்போதே கரைசல் 80 டிகிரிக்கு மேல் சூடேறும், வரும் ஆவியை மூச்சில் இழுக்காமல் ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, காரம் அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். எவர்சில்வரும் பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்கும் தாங்கும். தோலில் பட்டுவிட்டால் வினிகரைத் தேடி ஓடாதீர்கள், ஓடும் தண்ணீரில் விடாமல் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவத் தொடங்கி, தாமதமில்லாமல் மருத்துவரிடம் போக வேண்டும். அடைப்பு நீக்க விற்கும் தூளை வாங்கி சோப்பு செய்யாதீர்கள், சிலவற்றில் அலுமினியத் துணுக்குகள் கலந்திருக்கும். சுத்தமான சோடியம் ஹைட்ராக்சைடு என்று போட்டதை மட்டும் வாங்குங்கள்.

அளவு எல்லாமே எடையில்தான், கப்பில் அளக்கும் வேலையே கிடையாது. ஒவ்வொரு எண்ணெய்க்கும் வேண்டிய காரம் வேறு: ஒரு கிராம் தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 0.183 கிராம், ஆலிவ் எண்ணெய்க்குச் சுமார் 0.135, விளக்கெண்ணெய்க்குச் சுமார் 0.128. உதாரணத்துக்கு 300 கிராம் ஆலிவ், 150 கிராம் தேங்காய், 50 கிராம் விளக்கெண்ணெய் எடுத்தால் முழுக்கச் சோப்பாக மாற 74 கிராம் போல வேண்டும். ஐந்து சதவீதம் எண்ணெய் மாறாமல் மிஞ்சட்டும் என்று குறைத்து 70 கிராம் போடுவோம், தண்ணீர் அதற்கு இரண்டு மடங்கு, 140 கிராம். மிஞ்சும் அந்த எண்ணெயைத்தான் சூப்பர்ஃபேட் என்கிறார்கள். ஸ்க்ரப் சோப்பு தேய்த்துத் தேய்த்தே தோலை வறட்டும் என்பதால் நான் இதை ஏழு எட்டு சதவீதம்வரை வைப்பேன். ஒரே ஒரு எண்ணெயை மாற்றினாலும் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும், காஸ்டிக் சோடாவின் அளவைக் கணக்கிட்டுத் தரும் லை கால்குலேட்டர்கள் இணையத்தில் இருக்கின்றன.

காத்திருப்பு நான்கிலிருந்து ஆறு வாரம். காரம் எண்ணெயோடு சேர்ந்து முடிய ஓரிரு நாளே போதும், மீதி நாளெல்லாம் தண்ணீர் வெளியேறி சோப்பு இறுகவும் மென்மையாகவும் எடுத்துக்கொள்ளும் காலம். ஆறப்போடாத சோப்பு குளியலறையில் கரைந்து ஓடும்.

துகளைப் பொறுத்தவரை இந்த முறைக்கு ஒரு குணம் உண்டு. காரம் பச்சையாக இருக்கும்போதே துகளைப் போடுகிறோம், அதனால் காய்ந்த பூவும் இலையும் பெரும்பாலும் பழுப்பாகிவிடும், நிறம் தாங்குவது செவ்வந்தி இனத்துக் காலெண்டுலா இதழ்தான். லாவெண்டர் மொட்டு பார்க்கச் சகிக்காது. சர்க்கரை கரைந்துபோவதோடு கலவையைச் சூடேற்றவும் செய்யும். பியூமிஸ், கசகசா, காபி மூன்றும் அசையாமல் நிற்கும்.

மறைந்திருக்கும் செலவு இங்கேதான் அதிகம். டிஜிட்டல் தராசு, ஹேண்ட் பிளெண்டர், பாத்திரங்கள் எல்லாம் சோப்புக்கென்று தனியாக வேண்டும், சமையலுக்குத் திரும்பிப் போகக் கூடாது. ஒரு மாதத்துக்குமேல் காற்றோட்டமான ஓர் அலமாரியை விட்டுக்கொடுக்க வேண்டும். சின்னக் குழந்தையும் வளர்ப்புப் பிராணியும் ஓடித் திரியும் வீட்டில், கரைசல் கலக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்குத் தாழ் போட்ட அறை கிடைக்காவிட்டால் இந்த முறையைத் தள்ளிப்போடுவதே சரி.

## ஹாட் பிராசஸ்: அடுப்பில் வேகவைத்து

அதே எண்ணெய், அதே காஸ்டிக் சோடா, அதே எச்சரிக்கைகள். டிரேஸ் வந்தபின் அச்சில் ஊற்றாமல் ஸ்லோ குக்கரில் ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம்வரை வேகவைத்து, சோப்பாகும் வேலையைக் கையோடு முடித்துவிடுகிறோம்.

ஸ்க்ரப்புக்கு இதில் இருக்கும் லாபம், துகள் போகும்போது பச்சைக் காரம் மிச்சமில்லை என்பது. வாசனை எண்ணெயும் கடைசியில் போவதால் குறைவாகவே போதும். ஆனால் வெந்த சோப்பு மசித்த உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும். துகளைச் சீராகக் கலக்க மணிக்கட்டு வலிக்கும், அச்சில் அள்ளி அள்ளி வைத்துத் தட்ட வேண்டும், மேற்பரப்பு கரடுமுரடாகத்தான் வரும். ஸ்க்ரப் சோப்புக்கு அந்தக் கரடுமுரடு ஒன்றும் குறையில்லை. ஜோஜோபா மணி மெழுகால் ஆனது, சூட்டில் உருகும், நன்றாக ஆறியபின் போடுங்கள்.

உடனே குளிக்கலாம் என்று இதைப் பற்றிச் சொல்வார்கள். குளிக்கலாம்தான், ஆனால் தண்ணீர் அதிகம் ஊற்றிச் செய்வதால் சோப்பு மெத்தென்று இருக்கும், இரண்டு மூன்று வாரமாவது காயவிட்டால்தான் நீடிக்கும். கோல்ட் பிராசஸோடு ஒப்பிட்டால் மிச்சமாகும் நாள் நினைத்த அளவு இல்லை.

## ரீபேட்ச்: இருக்கிற சோப்பைத் துருவி

மணமில்லாத, நல்ல சோப்பைத் துருவி, மிதமான சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்துக் குழைத்து, துகளைப் பிசைந்து அச்சில் அழுத்துவது. புதிய காஸ்டிக் சோடா இல்லை, துகள் மூழ்காது, கலவையே அவ்வளவு கெட்டி. குழந்தைகளும் பெரியவர்களின் மேற்பார்வையில் உதவலாம்.

தண்ணீர்தான் இதில் எதிரி. குழையவில்லையே என்று ஊற்றிக்கொண்டே போனால் காயும்போது சோப்பு சுருங்கும், கோணும், நடுவில் ஈரம் தங்கும். சில வாரம் காயவிட வேண்டியிருக்கும். அப்புறம், கடையில் சோப்பு மாதிரி விற்கும் ‘பியூட்டி பார்’ வகை சிலது உண்மையில் செயற்கைச் சலவைப் பொருளால் ஆனவை, சூட்டில் ஒழுங்காகக் குழையாமல் திரிதிரியாக நிற்கும். சொந்தமாக கோல்ட் பிராசஸில் செய்து அழகு கெட்டுப்போன சோப்பை மீட்கத்தான் இந்த முறை உண்மையில் பொருத்தம்.

## ஒரே பார்வையில்

| | சோப் பேஸ் | கோல்ட் பிராசஸ் | ஹாட் பிராசஸ் | ரீபேட்ச் |
|---|---|---|---|---|
| துகள் சீராக நிற்பது | ஆறவைத்து ஊற்றினால் மட்டும் | மிக நன்று | நன்று, கலப்பது கஷ்டம் | நன்று |
| காய்ந்த பூ, இலையின் நிறம் | ஓரளவு தாங்கும், நாளாக மங்கும் | பெரும்பாலும் பழுப்பாகும் | கோல்டைவிடப் பரவாயில்லை | பரவாயில்லை |
| ஆபத்து | சூடு மட்டும் | காரம், அதிகக் கவனம் | காரமும் சூடும் | சூடு மட்டும் |
| காத்திருப்பு | ஒரு நாள் | 4–6 வாரம் | 2–3 வாரம் நல்லது | சில வாரம் |
| பொருள்மேல் கட்டுப்பாடு | குறைவு | முழுமை | முழுமை | எடுத்த சோப்பைப் பொறுத்தது |
| மறைவான செலவு | வியர்வை, சீக்கிரம் கரைதல் | தனிப் பாத்திரம், இடம் | நேரம், மின்சாரம், கைவலி | கோணல், நடுவில் ஈரம் |

## அப்படியென்றால் யாருக்கு எது

இதுவரை சோப்பே செய்ததில்லை, ஸ்க்ரப் பிடிக்குமா என்றே தெரியவில்லை என்றால் சஸ்பென்ஷன் பேஸும் கசகசாவும். வேறு யோசனையே வேண்டாம். ஒரே உருக்கலில் நான்கு சின்ன அச்சு எடுத்து ஒவ்வொன்றிலும் துகளின் அளவை மாற்றிப் போட்டால், உங்கள் தோலுக்கு எவ்வளவு தாங்கும் என்று சில நாளில் தெரிந்துவிடும். பின்னால் கோல்ட் பிராசஸுக்குப் போனாலும் இந்தக் கணக்கு கைகொடுக்கும், ஏனென்றால் அங்கே அளவு தவறிவிட்டது என்பது ஒரு மாதம் கழித்துத்தான் தெரியும்.

நாளை மறுநாள் யாருக்காவது பரிசாகக் கொடுக்க வேண்டும் என்றாலும் பேஸ்தான். இறுகியதும் சுற்றிவிடுங்கள்.

தோல் எளிதில் எரிகிறவர், எந்தெந்த எண்ணெய் போகிறது என்று தெரிந்தே ஆகவேண்டும், சல்பேட்டும் செயற்கை மணமும் ஆகாது என்பவர் கோல்ட் பிராசஸைக் கற்றுக்கொள்வது வீண்போகாது. துகளாக மாவுபோல் அரைத்த ஓட்ஸ் மட்டும் போதும். முதல் தடவை துகளே இல்லாமல் சாதாரண சோப்பாகச் செய்து பாருங்கள், டிரேஸ் என்பது கண்ணுக்குப் பழகியபின் துகளைச் சேர்க்கலாம்.

தோட்ட வேலை, வண்டி வேலை செய்து கை கறுத்துப்போகிறவர்களுக்கும் கோல்ட் பிராசஸ்தான், ஆனால் காரணம் வேறு: மெல்லிய பேஸ் சோப்பு அந்தக் கைகளிடம் நாலு நாள்கூடத் தாங்காது. தேங்காய் எண்ணெயின் பங்கைக் கொஞ்சம் கூட்டி, நைஸான பியூமிஸ் பொடி ஒரு மேசைக்கரண்டி போட்டால் கிரீஸ் கழன்று வரும். இந்த சோப்பை வீட்டுக் குளியல் சோப்போடு ஒரே தட்டில் வைக்காதீர்கள், தெரியாமல் யாராவது முகத்தில் தேய்த்துவிடுவார்கள்.

வாசனை எண்ணெய்க்கு அதிகம் செலவழிக்க மனமில்லை, அழகு முக்கியமில்லை, அடுப்படியில் சில மணி நேரம் நிற்க முடியும் என்றால் ஹாட் பிராசஸ்.

எந்த முறையானாலும் கடைசியில் குழாயையும் நினைத்துக்கொள்ளுங்கள். காபிச் சக்கையும் பியூமிஸும் கரையாதவை, சோப்புப் பிசுக்கோடு சேர்ந்து வளைவில் உட்கார்ந்துகொள்ளும். வடிகால் துளையில் மெல்லிய வலை ஒன்று போட்டு, படிவதை அள்ளிக் குப்பையில் போடுங்கள். செய்த பாத்திரத்தையும் கழுவும் முன் காகிதத்தால் வழித்துவிடுங்கள், காஸ்டிக் சோடா முறையில் செய்திருந்தால் அதையும் கையுறை போட்டுக்கொண்டே.